கொழுப்பு குறைத்த பத்தியத்தில் மீனும் இறாலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பித்தப்பையில் கல், கணைய அழற்சி, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறியது என்று ஏதோ ஒரு காரணத்துக்காக டாக்டர் கொழுப்பைக் கறாராகக் குறைக்கச் சொல்லிவிட்டால், மீன் சாப்பிடும் வீட்டில் எழும் முதல் கேள்வி "இனிமேல் மீனே கிடையாதா?" என்பதுதான். மீன் தாராளமாக உண்டு. போவது வறுவலும் தேங்காய்ப்பாலும். இங்கே இருப்பவை அடுப்படிப் பதில்கள் மட்டுமே. உங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்பதை உங்கள் டாக்டரோ டயட்டீஷியனோதான் சொல்ல வேண்டும்.

மீன் குழம்பில் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? மீனிலிருந்தா?

பெரும்பாலும் மீனிலிருந்து இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு பேருக்கு அரைக் கிலோ சங்கரா மீன் குழம்பு. வழக்கப்படி நாலு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், ஏறக்குறைய 55 கிராம் கொழுப்பு. அரைத்துவிட்ட தேங்காய்த் துருவல் 100 கிராம் என்றால் அதில் 33 கிராம். ஆளுக்கு 22 கிராம் ஆகிவிட்டது, மீனை இன்னும் எண்ணவே இல்லை. கறாரான பத்தியங்களில் நாள் முழுவதற்கும் அனுமதியே 20, 30 கிராம்தான். அதே குழம்பை ஒரு டீஸ்பூன் எண்ணெயில், தேங்காய் இல்லாமல் வைத்தால் எண்ணெயிலிருந்து ஆளுக்கு ஒரு கிராம் சொச்சம், மீனிலிருந்து ஒன்றோ இரண்டோ கிராம். அவ்வளவுதான்.

எந்த மீன் வாங்கலாம்?

வெள்ளைச் சதை மீன்களில் பெரும்பாலானவை கொழுப்பு குறைந்தவை: சங்கரா, கொடுவா, கிழங்கான், சீலா, பாறை, நன்னீரில் விரால், ஜிலேபி. பால் சுறாவும் திருக்கையும்கூட இந்தக் கட்சிதான். சூரையின் சதை சிவப்பாக இருப்பதைப் பார்த்துக் கொழுத்த மீன் என்று நினைத்துவிட வேண்டாம், அதிலும் கொழுப்பு கம்மிதான். வாவலும் வஞ்சிரமும் நடுவில் நிற்கும். கொழுத்த பக்கத்தில் இருப்பவை மத்தி, அயிலை, அப்புறம் உல்லம். மத்தியில் கொழுப்பு பருவத்துக்குப் பருவம் மாறும். கொழுத்த காலத்தில் 100 கிராம் மீனில் 10 கிராமைத் தாண்டிவிடும்.

எந்தப் பெரிய மீனாக இருந்தாலும் வயிற்றுப் பகுதியில்தான் கொழுப்பு சேரும். வெட்டித் தருகிறவரிடம் வால் பக்கத்துத் துண்டாகக் கேளுங்கள். வால் துண்டில் முள் இருக்கும் என்று பலரும் ஒதுக்குவார்கள், அதனால் கடைக்காரர் சந்தோஷமாகவே தருவார். சினையை வீட்டில் மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

மத்தியில் இருப்பது நல்ல கொழுப்பு என்கிறார்களே?

உண்மைதான். ஒமேகா-3 அதில்தான் நிறைய. இதயத்துக்காக மட்டும் கொழுப்பைக் குறைப்பவருக்கு, எண்ணெயில் செலவழிக்கும் கிராமை மிச்சம் பிடித்து மத்தியில் செலவழிப்பது புத்திசாலித்தனம். அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு இரண்டு முறை மீன் சாப்பிடச் சொல்கிறது, அதிலும் கொழுத்த மீனாக இருந்தால் நல்லது என்கிறது. கணையத்துக்கோ பித்தப்பைக்கோ பத்தியம் இருப்பவர் கதை வேறு. அவருக்கு நல்லதோ கெட்டதோ மொத்தக் கிராம்தான் கணக்கு.

இறாலில் கொலஸ்ட்ரால் அதிகம் என்று டாக்டரே சொன்னார். சாப்பிடலாமா?

கொழுப்பும் கொலஸ்ட்ராலும் ஒன்றில்லை. இறால், நண்டு, மட்டி எல்லாவற்றிலும் 100 கிராமுக்குக் கொழுப்பு ஒன்றிரண்டு கிராம்தான். அதில் நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெயில் நிறைய இருக்கும் வகை) அரைக் கிராமைத் தாண்டுவது அரிது. கொலஸ்ட்ரால் என்று பார்த்தால் இறாலில் 100 கிராமுக்கு 150 முதல் 190 மில்லிகிராம் வரை, கணவாயில் 230 போல இருக்கும். ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் நிறைவுற்ற கொழுப்பின் பங்குதான் பெரிது என்பதால், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்ற பழைய உச்சவரம்பை அமெரிக்க உணவு வழிகாட்டி 2015 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இது பொதுவிதி. உங்கள் டாக்டர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து இறாலை நிறுத்தச் சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள். அவர் சொன்னது கொழுப்பைப் பற்றியா, கொலஸ்ட்ராலைப் பற்றியா என்று மட்டும் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். இரண்டும் குழம்பித்தான் பல வீடுகளில் இறால் நின்றுபோகிறது.

எண்ணெயைக் குறைத்தால் குழம்பு சப்பென்று ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றுக்கும் மையம். கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, மிளகாய் எல்லாவற்றின் வாசனையும் எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். அந்த எண்ணெய் நாக்கில் படிந்து வாசனையை நிறுத்தி வைக்கும். வழக்கமான குழம்பிலிருந்து எண்ணெயை மட்டும் கழித்தால் மிஞ்சுவது புளித்தண்ணீர். அதனால் எண்ணெய் செய்த வேலையை வேறு நாலு பேரிடம் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

முதலாவது வறுத்த மசாலா. மல்லி, காய்ந்த மிளகாய், மிளகு, சீரகம், கால் டீஸ்பூன் வெந்தயம், எல்லாவற்றையும் வெறும் இரும்புச் சட்டியில் சின்னத் தீயில் வாசம் வரும்வரை வறுத்து அன்றன்றைக்குப் பொடியுங்கள். பாக்கெட் பொடி எண்ணெயில் வதங்கினால்தான் விழித்துக்கொள்ளும். புதிதாக வறுத்ததற்கு அந்தத் தேவை இல்லை. முக்கால் பங்கைக் கொதியில் போட்டு, கால் பங்கை இறக்கும்போது தூவுங்கள். முதலில் போட்டது ருசிக்கு, பின்னால் தூவுவது மணத்துக்கு.

இரண்டாவது வெங்காயம். எண்ணெய் இல்லாமலே வதக்கலாம். சட்டி நன்றாகச் சூடானதும் நறுக்கிய சின்ன வெங்காயத்தை ஒரு சிட்டிகை உப்போடு போட்டு மூடுங்கள். அதன் தண்ணீரிலேயே வேகும். தண்ணீர் வற்றி அடியில் பழுப்பாகப் பிடிக்கத் தொடங்கும்போது ஒரு கை தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். மறுபடி பிடிக்க விடுங்கள், மறுபடி தெளியுங்கள். பத்து நிமிஷத்தில் வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்துவிடும். அடியில் பிடிக்கும் அந்தப் பழுப்புதான் ருசி, அது கருகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை.

மூன்றாவது புளிப்பு. நாலாவது, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் சாறு. இரண்டையும் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இன்னொன்று: கொழுப்பு குறையும்போது மிளகாயின் காரம் நேராகச் சுள்ளென்று ஏறும், அதை மழுக்க எண்ணெய் இல்லை. வழக்கமான மிளகாயில் கால் பங்கைக் குறைத்து அந்த இடத்தில் மிளகைப் போடுங்கள்.

வெறும் புளி போதுமா?

போதும், ஆனால் ஒரே புளியை நாள்தோறும் கரைத்தால் அலுத்துவிடும். மாங்காய்க் காலத்தில் புளிக்கும் மாங்காயைத் தோலோடு கீறிப் போடுங்கள். தக்காளியும் புளியும் சேர்ந்தால் ஒரு ருசி, எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழிந்தால் இன்னொரு ருசி. எனக்குப் பிடித்தது குடம்புளி, அதாவது காயவைத்த கறுப்பான புளிப்புப் பழத்தோல். கேரளத்தில் கோட்டயம் பக்கத்துச் சிவப்பு மீன்கறி தேங்காயே இல்லாமல் குடம்புளியும் மிளகாயும் வைத்து நிற்கிறது. அந்தக் கறி மண்சட்டியில் மறுநாள்தான் சரியாக வரும். இரண்டு மூன்று துண்டுகளைக் கழுவி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரோடு போட்டால் அரைக் கிலோ மீனுக்குத் தாராளம். இலங்கையில் சிங்களவர்கள் சமைக்கும் அம்புல் தியலும் இதே குடும்பம்: சூரைத் துண்டுகளில் கொறக்காய் (குடம்புளி வகை), மிளகு பூசி, மண்சட்டியில் அடுக்கி, தண்ணீர் வற்றும்வரை வேகவைப்பார்கள். எண்ணெய்க்கு அங்கே பெரிய வேலை இல்லை. ருசியில் குறை சொல்ல ஆளில்லை.

புளிப்புக்கு ருசி தவிர இன்னொரு வேலையும் உண்டு. மீன் கவிச்சி காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கொண்ட ஒரு பொருளால் வருவது, புளிப்பு அதைக் கட்டிப்போடும். எண்ணெயில் வறுக்காத மீனில் கவிச்சி கொஞ்சம் தூக்கலாகத் தெரியும் என்பதால், கழுவும்போதே கல்லுப்பு, மஞ்சளோடு கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டு அலசுங்கள்.

தேங்காய் இல்லாமல் குழம்பு எப்படிக் கெட்டிப்படும்?

வேகவைத்த சின்ன வெங்காயத்தையும் தக்காளியையும் அரைத்து விட்டால் பாதி வேலை முடிந்தது. அரிசி களைந்த இரண்டாவது தண்ணீரில் புளி கரைப்பது பழைய பழக்கம், அதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். இன்னும் கெட்டி வேண்டுமானால் ஒரு டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலையைப் பொடித்துக் கரைக்கலாம், சட்டி முழுவதற்கும் அரைக் கிராம் கொழுப்புதான் சேரும். முந்திரி, கசகசா, நிலக்கடலை பக்கம் போக வேண்டாம். மூன்றிலும் எடையில் பாதிக்குப் பக்கமாகக் கொழுப்புதான்.

எண்ணெய் பிரிந்து மிதந்தால்தானே குழம்பு வெந்தது என்று அர்த்தம்? மிதக்க எண்ணெயே இல்லையே?

மூக்கை நம்புங்கள். பச்சைப் புளி வாசம் போய், கொதிக்குமிழி பெரிதாக "பொளக் பொளக்" என்று வெடிக்க ஆரம்பித்தால் குழம்பு தயார். அதற்குப் பதினைந்து நிமிஷமாவது ஆகும். மீனை அதற்குப் பிறகுதான் போட வேண்டும். ஆறிலிருந்து எட்டு நிமிஷம், கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்துச் சுழற்றிவிட்டால் போதும். கொழுப்பில்லாத மீன் கூடுதலாக வெந்தால் பஞ்சாகிவிடும்.

எண்ணெயே தேவைப்படாத மீன் சமையல் ஏதாவது உண்டா?

நிறைய உண்டு. எண்ணெயைக் குறைத்துச் சமைப்பதை விட, முதலிலிருந்தே எண்ணெயை நம்பாத சமையல்களைத் தேடிப் போவதுதான் சரியான வழி என்பது என் கட்சி.

யாழ்ப்பாணத்து ஒடியல் கூழை முதலில் சொல்வேன். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இறுத்துக் கசப்பைப் போக்குவார்கள். பெரிய சட்டியில் கொஞ்சம் அரிசி, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை வேகும். அதில் மீன் தலை, நண்டு, இறால், கணவாய் என்று அன்றைக்கு அகப்பட்டதெல்லாம் விழும். அரைத்த செத்தல் (காய்ந்த) மிளகாய், புளி, கடைசியில் கரைத்த மாவும் முருங்கையிலையும். இதில் தாளிப்பு என்ற பேச்சே கிடையாது. கொழுப்பு என்று பார்த்தால் மீனில் இருப்பது மட்டும்தான். சுற்றி உட்கார்ந்து பிளா என்ற பனையோலைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பது வழக்கம். பத்தியக்காரரும் மற்றவர்களும் ஒரே சட்டியிலிருந்து குடிக்கலாம், அதுதான் இதில் பெரிய நிம்மதி.

அடுத்தது நண்டு ரசம். நாலு சின்ன நண்டை ஆய்ந்து, கால்களை அம்மியில் லேசாகத் தட்டிப் போடுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் மிளகு, ஒரு டேபிள்ஸ்பூன் சீரகம், எட்டுப் பல் பூண்டு, கைப்பிடி சின்ன வெங்காயம், எல்லாவற்றையும் கொரகொரப்பாக இடித்து, தக்காளி, நீர்த்த புளிக்கரைசல், மஞ்சளோடு இருபது நிமிஷம் கொதிக்கவிட்டால் சாறு முழுக்க இறங்கிவிடும். கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு இறக்குங்கள். நண்டு ஓட்டுக்குள் மஞ்சளாக இருக்கும் பகுதியை மட்டும் சுரண்டி எடுத்துவிட வேண்டும். ருசியில் பாதி அங்கேதான் என்று வீட்டில் யாராவது சண்டைக்கு வருவார்கள். கொழுப்பும் அங்கேதான்.

பால் சுறாப் புட்டையும் மறக்க வேண்டாம். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய், இஞ்சியோடு கிளறுவது. மேலே சொன்ன தண்ணீர் தெளிக்கும் முறையில் வெங்காயத்தை வதக்கினால் ஒரு டீஸ்பூன் எண்ணெய் தாராளம். சுறாவும் திருக்கையும் பழசானால் அம்மோனியா நெடி அடிக்கும். வாங்கும்போதே முகர்ந்து பாருங்கள்.

வாழையிலையில் மீன் சுடுவது எப்படி?

சங்கராவோ கொடுவாவோ 300 கிராம், நல்ல துண்டுகளாக. எட்டு சின்ன வெங்காயம், ஒரு துண்டு இஞ்சி, நாலு பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம், ஒரு பிடி கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் அரைத்து, அரை மூடி எலுமிச்சை பிழிந்து மீனில் பூசி இருபது நிமிஷம் வையுங்கள். இலையைத் தீயில் காட்டி வாட்டுங்கள். கரும்பச்சையாகி மினுமினுக்கும்போது மடித்தால் கிழியாது. மீனை வைத்து மடித்து நாரால் கட்டி, தோசைக்கல்லில் போட்டு மூடி, சின்னத் தீயில் பக்கத்துக்கு ஆறேழு நிமிஷம். இலை அங்கங்கே கருகிப் புகைய வேண்டும், அந்தப் புகைவாசம் மீனில் ஏறும். பிரிக்கும்போது உள்ளே தேங்கியிருக்கும் சாற்றைக் கீழே விட்டுவிடாதீர்கள், சோற்றில் ஊற்றிப் பிசைய அதை விட நல்ல குழம்பு கிடையாது.

இறாலை எண்ணெய் இல்லாமல் செய்தால் ரப்பராகிறதே?

எண்ணெய் இல்லாததால் வருவதல்ல, கூடுதல் நேரத்தால் வருவது. இறால் அரைவட்டமாக வளைந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், முழு வட்டமாகச் சுருண்டால் நேரம் தாண்டிவிட்டது. மூன்று நான்கு நிமிஷம் போதும். கணவாய்க்கு நடுவழி கிடையாது: இரண்டு நிமிஷத்தில் இறக்குங்கள், இல்லையென்றால் நாற்பது நிமிஷம் வேகவிடுங்கள்.

இறால் ஓட்டைக் குப்பையில் போடாதீர்கள். வெறும் சட்டியில் சிவந்து வாசம் வரும்வரை நாலைந்து நிமிஷம் வறுத்து, மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். குழம்பில் தண்ணீருக்குப் பதில் இதை ஊற்றினால் எண்ணெய் இல்லாத குறை பாதி மறைந்துவிடும். தலையில் கொழுப்பு உண்டு என்பதால் கறாரான பத்தியம் என்றால் ஓடும் வாலும் மட்டும் போதும்.

மட்டி, சிப்பி?

கழுவி, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு மூடுங்கள். தன் தண்ணீரிலேயே வாய் திறக்கும். திறக்காததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். உப்பு போடும் முன் ருசி பாருங்கள், கடல் உப்பு உள்ளேயே இருக்கும்.

ஏர் ஃபிரையர் வாங்கலாமா?

வாங்கலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. கொழுப்பு நீக்கிய பாலில் உறைந்த தயிர், மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் அரிசி மாவு பூசி 200 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வைத்தால் மேலே மொறுமொறுப்பு வரும். வறுவலின் ருசி வராது. மீனைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு மசாலா பூசுவதுதான் முக்கியம். வெறும் தோசைக்கல்லிலும் இதைச் செய்யலாம். மீன் தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும்வரை திருப்பக் கூடாது.

கருவாடு?

கொழுப்பு குறைந்த மீனின் கருவாடு என்றால் கொழுப்பில் பிரச்சினை இல்லை, உப்பில்தான். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை தண்ணீரை மாற்றினால் உப்பு ஓரளவு இறங்கும். ரத்த அழுத்தமும் சேர்ந்து இருப்பவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. மாசி கிடைத்தால் ஒரு சின்னத் துண்டை இடித்து வைத்துக்கொள்ளுங்கள். வேகவைத்துப் புகையில் உலர்த்திய சூரைதான் அது. ஒரு டீஸ்பூன் தூவினால் கீரை, கத்திரிக்காய் எல்லாம் மீன் கறி வேஷம் போடும்.

தேங்காய் எண்ணெய் உடம்பில் தங்காது, அதை மட்டும் ஊற்றலாம் என்கிறார்களே?

வேண்டாம். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. மருத்துவமனையில் சில நோயாளிகளுக்குத் தரும் எம்.சி.டி. எண்ணெய் (சுலபமாகச் செரிக்கும் ஒருவகைக் கொழுப்பைத் தனியாகப் பிரித்தெடுத்தது) வேறு, கடையில் வாங்கும் தேங்காய் எண்ணெய் வேறு. எந்த எண்ணெயாக இருந்தாலும் டீஸ்பூனுக்கு நாலரைக் கிராம் கொழுப்பு, செக்கில் ஆட்டியதும் அப்படித்தான்.

அப்படியானால் எண்ணெயை முழுக்க நிறுத்திவிடலாமா?

டாக்டர் சொல்லாமல் கூடாது. ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். அனுமதித்த அளவைப் பயன்படுத்துங்கள், ஆனால் கண்ணளவில் ஊற்றாமல் டீஸ்பூனால் அளந்து. அந்த ஒரு டீஸ்பூனையும் ஆரம்பத்தில் வெங்காயத்துக்குச் செலவழிக்காமல் கடைசித் தாளிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலே மிதக்கும் எண்ணெய்தான் முதலில் மூக்கில் ஏறும்.

ஒருவருக்காக வீட்டில் இரண்டு குழம்பா வைப்பது?

ஒரே குழம்பு போதும். தாளிக்காமல் சட்டியில் வைத்து, பத்தியக்காரருக்கு உண்டானதை முதலில் ஒரு கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அப்புறம் நல்லெண்ணெயில் தாராளமாகத் தாளித்துக் கொட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மேசையில் வைக்காமல் இருந்தால் சண்டையும் மிச்சம்.

வெளியே சாப்பிடப் போனால்?

மெனுவில் "தவா", "கிரில்" என்று இருந்தால் எண்ணெய் இல்லை என்று அர்த்தமில்லை. தவா மீன் எண்ணெயில் நீந்தித்தான் வரும், தந்தூரி மீனில் கடைசியில் வெண்ணெய் தடவுவார்கள். தடவ வேண்டாம் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லுங்கள். நண்டு ரசம் இருக்கிறதா என்று கேளுங்கள், தாளிப்பு எண்ணெய் மேலே மிதந்தால் கரண்டியால் ஓரம் தள்ளிவிடலாம். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்: சீனக் கடைகளில் இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன் கிடைக்கும், மேலே ஊற்றும் சூடான எண்ணெயை மட்டும் வேண்டாம் என்றால் போதும்.